ஆள் வராத சிரமதானம்

எங்கள் கோழிக்கூட்டின் கூரை பல்கலைக்கழக மாணவர்கள் போட்டுக்கொடுத்தது. அவர்களுக்கே அது தெரியாது. கிராமத்தை முன்னேற்ற வருஷா வருஷம் வந்து ஐம்பது நாள் தங்குவார்கள். படிப்பில் அதுவும் ஒரு பாடம். போகும்போது ஒரு பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போவார்கள். மழைக்கு அது சாயும், நான் எடுத்து வந்து கூட்டின் மேல் போடுவேன். ஊர்த்தலைவர் பெண்டாட்டி என்பதால் ஏழு வருஷமாக அவர்களுக்குச் சமையலும் என் தலையில்தான்.

இந்த வருஷம் எட்டுப் பேர். தலைவன் பகாஸ் நல்ல பையன், அதுதான் தொந்தரவு. ஊற்றடியில் மூங்கிலால் இதய வடிவில் ஒரு மேடை கட்டினால், போட்டோ எடுக்க வெளியூர்க்காரர்கள் குவிவார்கள், ஊர் செழிக்கும் என்று கூட்டத்தில் வரைந்து காட்டினான். மேடை வரப்போகிற இடம் பெண்கள் துணி துவைக்கிற பாறை. கோடையில் குளிப்பதும் அங்கேதான். ஆனாலும் எல்லோரும் ஆகட்டும் என்றோம். விருந்தாளியிடம் முகத்துக்கு நேராக மறுத்துப் பேச எங்கள் ஜாவாக்காரர்களுக்கு நாக்கு எழாது. நானும்தான் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை மேடை கட்ட ஊர்கூடிச் சிரமதானம். ஒரு ஆள்கூட வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சலாம், இன்னொருவர் வீட்டில் மாடு கன்று போடப்போகிறதாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வறுத்த மரவள்ளியும் தேநீரும் வந்துகொண்டே இருந்தன. எவ்வளவு பாசமான ஊர் என்று பகாஸ் உருகிப்போனான். நாளைக்குத் தாங்களே கட்டிவிடலாம் என்றும் முடிவு செய்தான்.

தியுர் மட்டும் அடுப்படிக்கு வந்தாள். வேறு தீவில் மேடான் பக்கத்து பதாக் இனத்துப் பெண், எதையும் பட்டென்று கேட்டுவிடுவாள்.

"எங்க ஊர்ல பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவோம்மா. நீங்க அதுக்குப் பதிலா பலகாரம் குடுத்து அனுப்புறீங்களா?"

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குப் பாறை போய்விடும். திறந்தால், மேடைக்கு மேலிடத்தில் ஒப்புக்கொண்டு வந்த என் வீட்டுக்காரரின் மானம் போகும், வியாழக்கிழமை வரப்போகிற பேராசிரியரிடம் இந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் போகும். ஈரக் கையோடு, பகாஸும் என் வீட்டுக்காரரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த முன்கூடத்துக்குப் போனேன்; தியுரும் பின்னாலேயே வந்தாள்.

"அந்த மேடை வேண்டாம் தம்பி. நாங்க அங்க குளிக்கிறோம்."

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கூட்டத்துல நீங்களும் ஆகட்டும்னுதானேம்மா சொன்னீங்க?" என்றான் பகாஸ். குரல் உடைந்திருந்தது.

"சொன்னேன். தப்பு எம்மேலதான்."

பேராசிரியருக்கு எதைக் காட்டுவது என்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். பாவமாக இருந்தது. தியுர்தான் என் பக்கம் திரும்பினாள்.

"சரி, அந்த ஊத்துல உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

ஏழு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. படியெல்லாம் பாசி, போன மழையில் துணிமூட்டையோடு விழுந்து இடுப்பு போனது, பிடித்து இறங்க ஒரு கைப்பிடி இருந்தால் போதும் என்றேன்.

மறுநாள் காலையில் கைப்பிடி கட்ட மூங்கிலோடு இறங்கினோம். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஊரே வருகிறது. காய்ச்சல்காரர் கடப்பாரையோடு, மாட்டுக்காரர் மண்வெட்டியோடு. கடைசியில் என் வீட்டுக்காரர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. அன்றைக்கு யார் வீட்டிலிருந்தும் மரவள்ளி வரவில்லை.

வியாழக்கிழமை வந்த பேராசிரியர் கனத்த உடம்புக்காரர். மூச்சு வாங்கப் படியிறங்கி, கடைசிப் படியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உங்க வேலை எங்கப்பா? ஒண்ணையும் காணோமே?"

"நீங்க பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் சார்" என்றான் பகாஸ்.