மேலே பார், கோமு

மகள் கோமதிக்குக் கண் மருந்து போட ஆரம்பித்ததிலிருந்து ஆவுடையப்பன் வீட்டு சீலிங்கில் ஒரு காக்கா தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு யானை. யானைக்குப் பின்னால் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். வீடோ வாடகை வீடு.

காக்காவைக் கூப்பிட்டது ஆவுடையப்பன்தான். வேறு யாரைக் குற்றம் சொல்ல? நாலு வயசுப் பிள்ளை கண்ணில் மருந்து விடுவதென்பது எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் தண்ணி காட்டுகிற வேலை. சீசாவைப் பார்த்ததுமே கோமு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அப்புறம் கடப்பாரை போட்டு நெம்பினாலும் திறக்காது. கோவில்பட்டியில் எல்லா வீட்டிலும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவனும் செய்தான். "கோமு, மேல பாரு, காக்கா" என்றான். கோமு பார்த்தாள். சொட்டு விழுந்தது. சீசாவை மூடிவிட்டு இவன் நிமிர்ந்தால், மேலே காக்கா இருந்தது.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. வந்துவிட்டது. வந்தது திரும்பிப் போகவும் இல்லை.

மறுநாளும் காக்கா என்றான். "அதான் இருக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னாள் கோமு. பழசுக்கெல்லாம் அவள் கண் திறக்கிற ஆள் இல்லை. யானை அப்படித்தான் வந்தது. இன்ஸ்பெக்டரும் அப்படித்தான். மேலே இருப்பவர்களுக்குக் கனம் மேல்பக்கமாக இழுத்தது. இன்ஸ்பெக்டர் தொப்பி விழவில்லை. யானை லத்தி போட்டால் அதுவும் மேலேயே கிடந்தது. அந்த மட்டில் நிம்மதி.

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னான். நடக்க நடக்க நீளுகிற ஒரு நடைவழியின் கடைசியில் அவருடைய அறை இருந்தது.

"சீலிங்ல ஆளு வருது டாக்டர்."

"வரும். சைடு எபெக்ட்டு. மருந்து தீந்ததும் போயிருவாவ."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் விடாமப் போடுங்க. நடுவுல நிறுத்துனா கண்ணு மூடிக்கிடும். மூடுன கண்ணத் திறக்க எங்கிட்ட மருந்து இல்ல."

மேல்வீட்டு ஸ்டெல்லா டீச்சர்தான் முதலில் சண்டைக்கு வந்தவர். பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகியும் குரல் ரிட்டயர் ஆகாதவர். அவர் வீட்டுத் தரையில் யானையின் உள்ளங்கால்கள் தெரிகின்றனவாம்.

"கிரைண்டர் வைக்க இடமில்ல தம்பி. சின்னதா எதையாவது கூப்பிடக் கூடாதா? எறும்பு கிறும்பு?"

"எறும்புக்கு அவ கண்ணத் திறக்க மாட்டேங்கா டீச்சர்."

"அப்பம் யானைய கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னா அதுக்குக் கேக்காது."

உண்மைதான். மேலே இருந்த எல்லாரும் கோமுவை மட்டும்தான் பார்த்தார்கள். ஆவுடையப்பன் ஒருநாள் இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் வைத்துப் பார்த்தான். ஸ்டூலில் ஏறி அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். அவர் அந்தக் கைக்கு அப்பால் பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"பாப்பா சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டேன்" என்றாள் கோமு.

"யாரு சோறு போட்டா?"

"அப்பா."

"அப்படி யாரும் இங்க தெரியலையே" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆவுடையப்பன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். அவனுக்கு இதில் புதிதாக வருத்தப்பட ஒன்றும் இல்லை. பாத்திரக் கடையில் பில் போடுகிறவனை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? பில்லைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் பெண்டாட்டி செண்பகவல்லி. அவள் ஆனி மாதம் மஞ்சக்காமாலையில் செத்துப்போனாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தான். அதை மாற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்ததற்கு அடுத்த நாள் ரயில் என்றான். "பாத்தாச்சு, டேசன்ல." ஒட்டகம் என்றான். "வேண்டாம்." நிலா என்றான். கோமு கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"அம்மா வந்தா பாக்கேன்."

ஆவுடையப்பன் சீசாவைக் கீழே இறக்கினான். சொன்னால் வந்துவிடுவாள். அதுதான் பயம். வந்து, இந்த வீட்டுக்குள்ளேயே, கைக்கு எட்டுகிற உயரத்தில் நின்றுகொண்டு, காக்காவையும் யானையையும் போல அவனைப் பார்க்காமல் இருப்பாள். மருந்து தீர்ந்ததும் போயும் விடுவாள். ஒரு தடவை போனதே அவனுக்கு இன்னும் செரிக்கவில்லை.

சீசாவை அலமாரியில் வைத்துவிட்டான். மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் காலையில் கோமுவின் இடது கண் திறக்கவில்லை. பீளை ஒட்டியிருக்கும் என்று வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தான். பீளை இல்லை. மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவில் இருக்கிற கோடு அழிந்துகொண்டிருந்தது. மூக்கோரத்தில் ஏற்கெனவே கன்னம் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது.

"வலிக்கா?"

"இல்ல. இருட்டா இருக்கு."

அதற்கு மேல் என்ன யோசனை? பிள்ளையை மடியில் போட்டுச் சீசாவைத் திறந்தான். "கோமு, மேல பாரு" என்றான். "அம்மா."

கோமு இரண்டு கண்ணையும் திறந்தாள். மூடியிருந்த கண் நூல் பிரிகிற சத்தத்தோடு திறந்தது. சொட்டு விழுந்தது. ஆவுடையப்பன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். மேலே யாரோ யானையிடம், "கொஞ்சம் தள்ளு" என்றார்கள். செண்பகத்தின் குரல்தான்.

அவள் நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, சீலிங்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மஞ்சள் எல்லாம் தெளிந்திருந்தது. பிள்ளையைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"சடை யாருட்டீ போட்டா? கோணலா இருக்கு."

"அப்பா."

"எங்க அவிய?"

"இந்தா இருக்கு பாரு" என்று கோமு அவன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். செண்பகம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவன் மூக்கின் வழியாகச் சுவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள்.

"காணுமே. கடைக்குப் போயிருப்பாவ. வந்தா அப்பாட்ட சொல்லு, வகிடு நடு நெத்தியிலேர்ந்து எடுக்கணும்னு."

கோமு அவன் பக்கம் திரும்பினாள். "அப்பா, வகிடு நடு நெத்தியிலேர்ந்து எடுக்கணுமாம்."

புருஷனும் பெண்டாட்டியும் இப்படிப் பேசிக்கொண்டது இது முதல் தடவை இல்லை. சண்டை வந்தால் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பேச்சு நின்றுபோகும். ஆனால் வீடு நிற்குமா? பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு, அப்பாட்ட சொல்லு சோறு ஆறுதுன்னு, அம்மைட்ட சொல்லு சோறு வேண்டாம்னு என்று ஓடும். செண்பகம் ஆஸ்பத்திரிக்குப் போனது அப்படி ஒரு பேசாத வாரத்தில்தான். எதற்காகச் சண்டை என்று இப்போது அவனுக்கே ஞாபகம் இல்லை. பேச்சு நின்றது மட்டும் ஞாபகம் இருந்தது.

"உங்கம்மைட்ட சொல்லு, சரின்னு" என்றான்.

"சரியாம்" என்றாள் கோமு மேலே பார்த்து.

அதற்குப் பிறகு மருந்து போடுவது அந்த வீட்டில் ஒரு பாடாகவே இல்லை. கோமு தானே வந்து மடியில் சாய்வாள். செய்தி கொண்டுபோய்க் கொண்டுவருகிறவளுக்குக் கண்ணை மூட நேரம் ஏது? ரசத்துக்குப் பெருங்காயம் எப்போது போடுவது என்று கீழிருந்து கேள்வி போகும். இறக்குகையில் போடச் சொல்லு என்று பதில் வரும். உங்கப்பாவுக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டை நல்லா இல்ல, போடாண்டாம்னு சொல்லு என்பாள் அவள். அவனைப் பார்க்காமலேயே அவன் சட்டையை எப்படிக் கண்டாள் என்று ஆவுடையப்பன் கேட்கவில்லை. கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாற்றிக்கொண்டான். கடையில் ஒருநாள் தன்னையறியாமல் சீட்டியடித்தான். சத்தம் தராசிலிருந்து வந்ததென்று முதலாளி அதைத் திரும்பிப் பார்த்தார். ஆவுடையப்பன் சந்தோஷமாக இருந்தான். சோற்றில் உப்பு இருப்பது கொஞ்ச நாளாக அவன் நாக்குக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

சீசாவைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் துளியூண்டு கிடந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடை முன்னைவிட நீண்டிருந்தது. பாதி வழியில் ஒருவர் டீ விற்றுக்கொண்டிருந்தார். டாக்டர் கோமுவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தெளிஞ்சிட்டு. மிச்சத்தப் போட்டு முடிங்க. கடைசிச் சொட்டு போகலேன்னா போட்ட அத்தனையும் வீண்."

"இன்னொரு சீசா வேணும் டாக்டர்."

"யாருக்கு?"

"பிள்ளைக்கு."

"பிள்ளைக்கு வேண்டாம்."

"அப்பம் எனக்கு."

டாக்டர் குரல் வந்த பக்கம் டார்ச்சைத் திருப்பினார். வெளிச்சம் ஆவுடையப்பன் வழியாகப் போய்ச் சுவரில் விழுந்தது.

"உங்க கண்ண எங்க வச்சிருக்கிய? எனக்குத் தெரியலையே" என்றார். "அடுத்த ஆளு வாங்க."

அன்று சாயங்காலம் கோமு மடியில் படுத்துக் கண்ணை அகல விரித்துக்கொண்டாள். ஆவுடையப்பன் கையைக் கழுவினான். சீசாவைக் குலுக்கினான். மறுபடியும் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான்.

"போடுப்பா."

"இரு."

"கண்ணு காயுதுப்பா. போடு."

ஒரு பிள்ளை மருந்து போடு என்று கெஞ்சி எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? இங்கே நடந்தது. பெரியவன்தான் அடம்பிடித்துக்கொண்டிருந்தான். மேலே செண்பகம் பிள்ளையைப் பார்த்தபடி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யானையும் இன்ஸ்பெக்டரும் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"உங்கம்மைட்ட ஒண்ணு கேளு" என்றான் ஆவுடையப்பன்.

"என்ன?"

"எம்மேல இன்னும் கோவமா இருக்காளான்னு கேளு."

"அம்மா, அப்பா மேல கோவமா இருக்கியா?"

எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்கிற பெண்பிள்ளை செண்பகம். ஆவுடையப்பன் சீசாவைப் பிடித்த கையோடு காத்திருந்தான். அதன் நுனியில் கடைசிச் சொட்டு திரண்டு தொங்கியது.

"மொதல்ல மருந்தப் போடச் சொல்லு" என்றாள் செண்பகம். "பிள்ள எம்புட்டு நேரம் கண்ணத் திறந்துட்டுக் கெடக்கும்? பெறவு சொல்லுதேன்."

"மொதல்ல மருந்து போடணுமாம். பெறவு சொல்லுவாளாம்."

பிறகு என்று ஒன்று இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமோ என்னவோ. கோமுவின் இடது கண்ணில் மெல்லிய நரம்பு ஒன்று சிவக்க ஆரம்பித்தது. அவள் இமைக்கவே இல்லை. அப்பா போட்டுவிடுவான் என்று நம்பிக் கிடந்தாள்.

ஆவுடையப்பன் சீசாவை அழுத்தினான். சொட்டு கண்ணின் நடுவில் விழுந்தது.

"மூடிக்கோ. கொஞ்ச நேரம் திறக்காத."

கோமு சமர்த்தாக மூடிக்கொண்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். சீலிங் வெள்ளையாக இருந்தது. மேல்வீட்டில் ஸ்டெல்லா டீச்சர் கிரைண்டரை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அப்பா, அம்மா என்ன சொன்னா?"

பிள்ளையின் கன்னத்தில் வழிந்த மருந்தை அவன் வேட்டி நுனியால் துடைத்தான்.

"கோவம் இல்லையாம்."

"எனக்குக் கேக்கலயே."

"மெதுவாச் சொன்னா" என்றான் ஆவுடையப்பன்.