மூணாவது டக்

எனக்குக் கோபம் வந்தா வாய் முந்திக்கும், புத்தி பின்னாடி மூச்சிரைக்க ஓடி வரும். அன்னிக்கும் அதான் நடந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு, போதுமா?"ன்னு கத்திட்டேன். அது நிஜமா பொய்யான்னு எனக்கே தெரியாது. அந்த ஒரு வார்த்தைக்கு நாலு நாள் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலைஞ்சேன்.

எங்ககிட்ட முப்பது வயசு தாண்டின ஒரு ஜப்பான் கார் இருக்கு. என் வீட்டுக்காரர் பார்சல் வேன் டிரைவர். நாள் பூரா வேன் ஓட்டிட்டு வந்து, ஆசைக்கு இதையும் எடுத்துட்டு ஒரு சுத்து போவார். போன வருஷம் குடோன்ல சரக்கு சரிஞ்சு இடது கால்ல விழுந்தது. எலும்பு கூடிடுச்சு, பலம் வரல. அந்தக் காலால கிளட்சை மிதிக்க முடியாது. அதுக்கப்புறம் மனுஷன் கேட்டைத் தாண்டவே இல்ல. டாக்டர் நடக்கச் சொன்னதைக்கூட ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுலயே முடிச்சுக்குவார். கூப்பிட்டா, "எங்க போய் என்ன ஆகப்போகுது"ன்னுவார். அந்தப் பேச்சைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கால் மாறலன்னா காரை மாத்துவோம்னு நான்தான் ஆரம்பிச்சேன். அதே மாடல்ல கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியும் வந்திருக்கு. அந்த கியர்பாக்ஸைப் பொருத்திட்டா வலது கால் ஒண்ணே போதும். ஏழு மாசம் தேடி, உடைக்கப்போட்ட வண்டி ஒண்ணுல இருந்து ஒண்ணே ஒண்ணு கிடைச்சது. இன்னொண்ணுக்கு எங்கயும் வழியில்லன்னு கடைக்காரர் கையை விரிச்சிட்டார்.

நான் திரைச்சீலை தைக்கிற கடையில வேலை பார்க்கிறவ. சீட்டெல்லாம் பிரிச்சு நானே புதுசா தைச்சேன். என் தம்பி கார் பட்டறையில பெயிண்டர். துருவைச் சுரண்டி, ஓட்டையை அடைச்சு, அவன் பெயிண்ட் அடிச்சான். பானெட்டுக்கு அடியில ஜப்பான் எழுத்துல ஒரு ஸ்டிக்கர் இருந்தது. என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். "அக்கா கையில கொடுக்காதேன்னு போட்டிருக்கு"ன்னான். அவனுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்ல.

வீட்டுக்காரர் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து, கைத்தடியை முட்டியில சாய்ச்சு வச்சுக்கிட்டு, அதிகாரம் பண்ணுவார். மெதுவா. இன்னும் மெதுவா. துடைச்சிட்டு மாட்டு. அளந்து பாரு. காருக்கு அடியில படுத்துக் கிடக்கிறவ நான், அலுப்பு அவருக்கு.

புதன்கிழமை, கியர்பாக்ஸைத் தரையில நிமிர்த்தி வச்சு, கன்வர்ட்டர் ஏத்தினோம். அது கியர்பாக்ஸ் வாயில உட்கார்ற ஒரு இரும்புச் சட்டி, ஒரு குடம் கனம் இருக்கும். அமுக்கிக்கிட்டே திருப்பணும். உள்ள மூணு இடத்துல பல்லோட பல்லு சேரணும், சேரும்போதெல்லாம் 'டக்'னு ஒரு சத்தம் வரும். மூணு டக் கேட்டா சரி. ரெண்டோட விட்டுட்டு எஞ்சினோட சேர்த்து போல்ட் முறுக்கினா உள்ள இருக்கிற பம்ப் நொறுங்கிடும். அப்புறம் கியர்பாக்ஸ் காயலான் கடைக்கு, கார் கொட்டகைக்கு, இவர் ஆயுசுக்கும் அந்த ஸ்டூலுக்கு.

முதல் டக் உடனே வந்தது. ரெண்டாவதும் வந்தது. மூணாவது வரல. அரை மணி நேரம் திருப்பினேன். தோள்பட்டை கழண்டு கையில வந்துடும் போல இருந்தது. அவர் ஒரு உள்ளங்கையை கியர்பாக்ஸ் மேல வச்சுக்கிட்டு, "மெதுவா, மெதுவா"ன்னுட்டே இருந்தார். எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்த நேரத்துல 'டக்'னு ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா, தடி தரையில கிடக்குது.

"வந்துச்சா?"ன்னார்.

அப்பதான் அந்தக் கத்து கத்தினேன். தடியை எடுத்து அவர் கையில திணிச்சேன். மத்த நேரமா இருந்தா ஸ்கேலை வை, எவ்வளவு உள்ள இறங்கியிருக்குன்னு அளந்து காட்டுன்னு உயிரை எடுத்திருப்பார். அன்னிக்கு அதெல்லாம் கேட்கல. "சரி, தூக்கிடலாம்"னார். தம்பி வந்தான், ஜாக்கியில ஏத்தினோம், போல்ட்டை முறுக்கினோம்.

என்னை நம்பித்தானே அளக்கச் சொல்லல? அதை நினைச்சா சோறு இறங்கல. கடையில ஒரு திரையைத் தலைகீழா தைச்சு, முதலாளியம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். சரி பார்க்க வழியும் இருந்தது. கியர்பாக்ஸுக்கு அடியில ஒரு சின்ன ஜன்னல். அதுக்குள்ள விரலை விட்டுச் சுத்தினா கன்வர்ட்டர் லேசா சுத்தணும். இறுகிக் கிடந்தா பம்ப் போச்சு. தினம் கொட்டகை வரைக்கும் போவேன், கையை விடத் தைரியம் வராம திரும்பிடுவேன்.

ஞாயிறு காலையில தம்பி வந்துட்டான். அந்த ஜன்னல் வழியா கன்வர்ட்டரை எஞ்சின் தட்டோட சேர்க்கிற ஆறு போல்ட்தான் பாக்கி. அப்புறம் ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ண வேண்டியதுதான்.

"இன்னிக்கு வேண்டாம்டா. மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னேன்.

"கார் கொட்டகைக்குள்ளதானே இருக்குக்கா."

"அவசரம் இல்ல மாப்ளே"ன்னார் இவரும். "முதல்ல முன் லைட்டை மாத்திடுவோம்."

"போன மாசம்தான மாமா மாத்தினோம்? ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" அவன் அலுத்துக்கிட்டே அடியில படுத்துட்டான். ஸ்பானரை எடுத்துட்டான்.

"தொடாதடா"ன்னு அவன் காலைப் பிடிச்சு இழுத்தேன். அப்புறம் அடக்க முடியல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். ரெண்டுதான் கேட்டுச்சு, மூணாவது தடி விழுந்த சத்தம், கோபத்துல சொல்லிட்டேன், கியர்பாக்ஸை நானே நாசம் பண்ணிட்டேன். தம்பி ஸ்பானரைக் கீழ வச்சுட்டு வெளிய வந்து உட்கார்ந்தான். நான் வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்க்காம தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

"மூணாவது வந்துச்சு"ன்னார் அவர்.

"சமாதானத்துக்குச் சொல்லாதீங்க."

"உள்ளங்கையில தெரிஞ்சுது. நல்லா இறங்கி உட்கார்ந்துச்சு. அதுல திடுக்குன்னு ஆகித்தான் தடியையே விட்டேன். உனக்கும் கேட்டுச்சான்னுதான் 'வந்துச்சா'ன்னேன். ரெண்டு சத்தமும் ஒண்ணாப் போச்சு, உனக்குத் தடி மட்டும் கேட்டிருக்கு."

"அப்ப இன்னிக்கு ஏன் லைட்டை மாத்தணும்னீங்க?"

அவர் தடியோட பிடியைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். "வண்டி சரியாகிடுச்சே. இனிமே ஓட்டித்தானே ஆகணும். எனக்கு பயமா இருக்கும்மா."

நேரா போய்க் காருக்கு அடியில படுத்து, ஜன்னல்ல விரலை விட்டேன். கன்வர்ட்டரைத் தொட்டுத் தள்ளினேன். சுத்துச்சு. ராட்டை மாதிரி லேசா, சத்தமே இல்லாம சுத்துச்சு. மறுபடியும் தள்ளினேன், மறுபடியும் சுத்துச்சு. போன உயிர் திரும்பி வந்துச்சு. அங்கயே மல்லாந்து படுத்துக்கிட்டு அழுதேன். தம்பி காலைத் தட்டி, "அக்கா, உயிரோட இருக்கியா?"ன்னு கேட்டான்.

வெளிய வந்ததும் அவரைப் பிடிச்சுக்கிட்டேன். "நாலு நாளா என்னை வேக வச்சுட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ வேகுறது எனக்கெப்படித் தெரியும்? நான் என் பாட்டுக்கு வெந்துக்கிட்டு இருந்தேன்."

தம்பி சிரிச்சான். அப்புறம் நாங்களும் சிரிச்சோம்.

மத்தியானம் ஆயில் ஊத்தி சாவியைத் திருப்பினோம். ரெண்டு தடவை இருமிட்டு எஞ்சின் பிடிச்சுக்கிட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சு உட்கார்ந்திருந்தார், நெத்தி பூரா வேர்வை. இடது கால் மட்டும் தரையில எதையோ தடவிக்கிட்டு இருந்தது. கிளட்சைத் தேடுதுன்னு எனக்குப் புரிஞ்சது.

"அது இல்லங்க. அந்தக் காலுக்கு இனிமே லீவு"ன்னேன்.

"நீ ஏறல?"

ஏறினா என் வாய் சும்மா இருக்காதே. "முதல்ல நீங்க தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க"ன்னேன்.

கார் நத்தையா கேட்டைத் தாண்டிச்சு. தெருமுனையில பிரேக் லைட் எரிஞ்சது. திரும்பி வந்துடுவார்னு பார்த்தேன். திரும்பல, வலது பக்கம் மெயின் ரோட்டுக்குள்ள போயிட்டார். பத்து நிமிஷம், கால் மணி. தம்பி ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னான். நான் கொட்டகையைக் கூட்டுறேன்னு உள்ள போனேன். தடி ஸ்டூல் மேல சாய்ஞ்சு கிடந்தது. மறந்துட்டுப் போயிருக்கார்.

வாசல்ல ஹாரன் கேட்டுச்சு. தடியை எடுத்துக்கிட்டு ஓடினேன். எஞ்சினை நிறுத்தாமயே உட்கார்ந்திருந்தார்.

"இந்தாங்க, இது இல்லாம எப்படி இறங்குவீங்க"ன்னு நீட்டினேன்.

"யாரு இறங்குறா? அதைப் பின்னாடி போட்டுட்டு நீ முன்னாடி ஏறு"ன்னார்.