வடகத்தோடு காய்ந்த அண்ணன்

ஆவடி வெயிலில் நாய்கூட லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த ஊரில் இருந்துகொண்டு என் அண்ணன் லோகேஷுக்கு வெயில் பத்தவில்லையாம். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்ட், பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூக்கம். இப்படியே போனது. அப்புறம் யாரோ காதுக்குள் திட்டுகிறார்கள் என்று வேலையை விட்டான், வாசலுக்கு வருவதையும் விட்டான். மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி அடிமட்டம்.

அம்மாவுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அடேங்கப்பா!

“எம் புள்ளைக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்துக் கொறைச்சல்தான்!” என்று எங்கள் பேட்டை கோவில்பதாகை முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். “இந்த வியாதி இருக்கற நெறைய பேருக்கு அந்தச் சத்தும் கம்மியா இருக்கும்மா. எதனால எதுன்னு இன்னும் உறுதியாத் தெரியாது. ரெண்டையும் குடுங்க. இந்த மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.”

அம்மா காதில் பாதிதான் ஏறியது. வைட்டமினைக் கொடுத்தாள், மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். அண்ணனைக் கூழ் வடகத்தோடு மொட்டை மாடியில் காயப்போட்டாள். காக்காய் ஓட்டும் உத்தியோகம் வேறு. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

“நீ இன்னாடி, டாக்டரா?” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துலுக்கானம் மாமா வேலப்பன்சாவடியிலிருந்து அண்ணனுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். அவனைக் கூப்பிட மாடி ஏறினேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றிருந்தான்.

“அவனுங்க இங்கியும் வந்துட்டானுங்க சுதா. குதிடான்றானுங்க. அம்மா சந்தோஷமா கீது, சொல்லிடாத.”

அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். திரும்பினால், படியில் அம்மா. எல்லாம் கேட்டுவிட்டாள்.

அவன் கையைப் பிடித்து, வடகத்தையெல்லாம் மிதித்துக்கொண்டு கீழே இழுத்து வந்தாள். மாமாவின் எதிரிலேயே அரிசியைத் துழாவி, மாத்திரையைப் பிரித்து அவனுக்குக் கொடுத்தாள்.

“இன்னா மாத்திர கன்னிம்மா?” என்றார் மாமா.

“மண்டைக்கு. கொயந்தைக்குக் காதுல கண்டதும் பேசுது. பொண்ணு ஊட்டுல இத்தையும் சொல்லிடு அண்ணே.”

மாமா டீயைக் கீழே வைத்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

“இன்னாடி பாத்துகினு நிக்கற? டாக்டருக்குப் போனப் போடு!”