வலி நின்ற செவ்வாய்க்கிழமை

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் ஆல்டன், சற்று முன்புதான் செத்திருந்தான். அவன் மனைவி லீட்டா. ஒலிவ எண்ணெய்க் குப்பியுடன் சபை மூப்பர் ஹார்லன். பாட வந்த இரண்டு பெண்கள். கதவோரம், யாரும் கூப்பிடாமல் வந்த ஆல்டனின் அக்கா வெர்னா.

பெண்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

"செத்துட்டான். நிறுத்துங்க," என்றாள் வெர்னா.

மூப்பர் லீட்டாவிடம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை எண்ணெய் பூசினேன். வலி பறந்துச்சு. எந்திரிச்சு உருளைக்கிழங்கு சூப்பு கேட்டான். கர்த்தர் சுகமாக்கினாருன்னு அடக்கத்தன்னைக்கு நீ சாட்சி சொல்லணும், சகோதரி."

"குடல்வால் வெடிச்சிருக்கு," என்றாள் வெர்னா. "வெடிச்சா கொஞ்ச நேரம் வலி விடும். எனக்கும் விட்டுச்சு. எனக்கும் இப்படித்தான் பாடினீங்க."

அமெரிக்காவில், ஐடஹோவின் அந்தப் பள்ளத்தாக்கில், சபையாருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது அவிசுவாசம். அன்று வெர்னாவைப் பால் லாரிக்காரன் ஒருவன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். வயிற்றோரம் செருகிய குழாய் வழியே சீழ் வடிந்தது. வயிற்றை மறுபடியும் திறந்தார்கள். தைக்காமல் விட்ட காயம் அடியிலிருந்து தூர்ந்து வரப் பனி உருகும் காலமாயிற்று. அதற்குள் சபை அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்திருந்தது.

ஸ்வெட்டரைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள்.

"வெக்கமா இல்ல?" என்றார் மூப்பர்.

"எதுக்கு? உயிரோட இருக்கேன்ல."

லீட்டா நிமிர்ந்தாள். "அண்ணி, அவரு சூப்பு கேட்டப்பவே கொண்டு போயிருந்தா?"

பொய் சொல்லலாம் என்று வெர்னாவுக்குத் தோன்றியது. "பொழைச்சிருப்பான். நாய்படாத பாடு பட்டிருப்பான். ஆனா பொழைச்சிருப்பான்."

பக்கத்து அறையில் லீட்டாவின் சின்ன மகள் டெஸ் இருமினாள்.

"நாளைக்கு அவளுக்கு வயித்த வலிச்சா என்ன செய்வீங்க, மூப்பரே?" என்றாள் லீட்டா.

"ஜெபிப்போம்."

"வெளிய போங்க."

"துக்கத்துல பேசுற. பிரேதத்தை நாங்கதானே குளிப்பாட்டணும்?"

"என் புருஷன். நாங்க பாத்துக்கிறோம்."

பெண்கள் முதலில் நழுவினார்கள். மூப்பர் வாசலைத் தாண்டியதும் லீட்டா கூப்பிட்டாள். "குப்பியை விட்டுட்டீங்க." கையில் திணித்தாள். கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவை யாரும் பூட்டியதில்லை. சாவி துருவேறி ஆணியில் தொங்கியது. வெர்னா தோளால் கதவை நெருக்கினாள். தழும்பு சுரீரென்று இழுத்தது. லீட்டா சாவியை எடுத்துப் போட்டு இரண்டு கையாலும் திருப்பினாள்.

வெளியே படியில் மூப்பர் இறங்கும் காலடிச் சத்தம் இன்னும் எழவில்லை. பூட்டு விழுந்தது அவருக்குக் கேட்டிருக்கும்.