கரையாத உறை

ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த பாட்டிலைக் காணோம். மறுநாள் கூட்டத்தில் காட்டுவதற்காகத் தங்கை ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்தது. உள்ளே மீன்முட்டை மாதிரி வெள்ளை மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் உயிரோடு லட்சக்கணக்கான நுண்ணுயிர்கள்.

"அக்கா, இங்க ஒரு சின்ன பாட்டில் இருந்துச்சே?"

"அதுவா? பாப்பாவுக்குக் குடுத்துட்டேன்." அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "காலையிலேர்ந்து வயித்தால போகுது. வயித்துக்கு நல்லதுன்னு நீதானே வாய் ஓயாம சொல்லுவ. பால்ல கலந்து குடுத்தேன். சமத்தா குடிச்சிட்டா."

தங்கை ஃபிரிட்ஜ் கதவை மூடாமல் அப்படியே திரும்பினாள். அக்கா மகள் பாப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். போன வாரம் ஏற்றிய மருந்தில் வெள்ளணுக்கள் அடியோடு சரிந்திருந்தன. மற்றவர்களுக்கு நன்மை செய்யும் கிருமி அவள் குடலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கினால், தடுக்க உள்ளே ஆளில்லை.

"கடிச்சாளா, முழுங்கினாளா?"

"எங்க கடிக்கிறது? வாயெல்லாம் புண்ணு. அப்படியே முழுங்கிட்டா. ஏன்டி, முகம் ஏன் இப்படிப் போகுது?"

கடித்திருந்தால் மணிகளின் உறை உடைந்திருக்கும், இரைப்பையின் அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றிருக்கும். அந்த அமிலத்துக்கு அசையாத உறை வேண்டும் என்றுதான் கடற்பாசிப் பசையோடு வருஷக்கணக்காக அவள் மல்லுக்கட்டினாள். போன மாதம்தான் கைகூடியது; இனிப்பு வாங்கி ஊட்டியதும் இதே அக்காதான். தன் வேலை தோற்றுப்போக வேண்டும் என்று இப்போது முதல்முறையாக வேண்டிக்கொண்டாள்.

போனில் டாக்டர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. "உடனே கூட்டிட்டு வாங்க. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும், எல்லாம் வேணும்."

காரில் அக்கா குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள்.

"நல்ல கிருமின்னுதானேடி சொன்ன?"

"நமக்கு நல்லதுக்கா."

ஆஸ்பத்திரியில் பாப்பாவின் மெலிந்த கையில் ரத்தம் எடுத்தார்கள். கிருமி வளர்கிறதா என்று தெரிய நாளாகும். அதுவரை காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் நர்ஸ். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி, உன் கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

பாப்பா அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது. தன் கைதான் அவ்வளவு குளிர்ந்து கிடக்கிறதா, குழந்தைக்குத்தான் சூடு ஏறுகிறதா? கையை உருவிக்கொள்ளாமல், மூச்சு விடாமல், அவள் அந்தச் சூட்டையே கவனித்துக்கொண்டிருந்தாள்.