நாய்க்குப் போன போர்வை

குளிர்கால ஜாக்கெட் தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அக்கா, வெட்டியதுபோக மிஞ்சிய, மெத்தென்ற ஃப்ளீஸ் துணித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து தம்பியின் குழந்தைக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தாள். உள்ளங்கை அகலத் துண்டைக்கூட வீணாக்கவில்லை. மஞ்சளில் வாத்து, சாம்பலில் யானை என்று வெட்டிவெட்டி வைத்துத் தைத்தாள்.

அடுத்த முறை தம்பி வீட்டுக்குப் போனபோது, வாசற்கதவோரம் அந்த யானையின் மேல் நாய் படுத்திருந்தது.

"என்னம்மா இது?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "கழிச்சுப் போட்ட துணிதானே? பாப்பாவுக்குக் கடையில நல்லதா ஒண்ணு வாங்கிட்டோம்."

தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "கம்பெனியில கழிச்சது துணியைத்தான். நீங்க என்னையே கழிச்சுக் கட்டிட்டீங்களே! பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

போர்வையைப் பிடித்து உருவினாள். நாய் ஓரத்தைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று முனகியது. அவள் இழுக்க, அதுவும் இழுத்தது. சட்டென்று அவளே கையை விட்டாள்.

"இதுக்காவது அருமை தெரியுது."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

மறுவாரம் கம்பெனியில் புதிதாக மிஞ்சிய துண்டுகளில் நாலு கால் நுழைகிற மாதிரி ஒரு சட்டை தைத்து எடுத்துப் போனாள். கதவைத் திறந்த தம்பி, "பாப்பாவுக்கா அக்கா?" என்று அசடு வழியக் கையை நீட்டினான்.

"இல்லை. இந்த வீட்டுல மரியாதை தெரிஞ்ச ஒருத்தனுக்கு," என்று அவனை விலக்கிக்கொண்டு போய், நாயின் முன்னால் உட்கார்ந்தாள்.