கேட்டுவிட்டு வாயை மூடு

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுடி. வாய் தொறந்துகினே கீது," என்றாள் அம்மா தையல்நாயகி.

சாமுண்டீஸ்வரி அப்பாவின் தாடையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியை மூன்றாம் முறையாக அவிழ்த்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். விடியற்காலையில் மாரடைப்பில் போன ஜெயவேலுவை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள்.

"உசுரோட இருக்கசொல்லோவே மூடாத வாயி. ஒரு முழத் துணிக்கா அடங்கும்?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, சாவு வீட்டில் சிரித்துவிட்டோமே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தாம்பரத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்தவர் ஜெயவேலு. பழைய அண்டாவை எடைக்குப் போட வந்தவர் புது அண்டாவோடு, அதுவும் மூடியோடு, திரும்பிப் போவார். அப்பேர்ப்பட்ட வாயை இரண்டு வருஷமாகப் பீர்க்கன்கரணைப் பள்ளிக்கூடத்துக்கு நேர்ந்துவிட்டிருந்தார். பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாவது படிக்கத் தாம்பரம் போக வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளுக்குப் பயந்து, பெண்பிள்ளைகளை எட்டாவதோடு வீட்டில் நிறுத்திவிடுவார்கள். சாமுண்டீஸ்வரியும் அப்படி நின்றவள்தான். நிறுத்தியவர் ஜெயவேலுதான். பத்து வருஷமாக அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளி வராந்தாவில் பயிற்சி நடக்கும். இட்லிக்கடை கங்கையம்மாள், சைக்கிள் கடை அசரியா, மேளம் அடிக்கும் ரத்தினம் என்று பதிமூன்று பேர். பள்ளியைப் பத்தாம் வகுப்புவரை உயர்த்தக் கேட்டு அதிகாரியிடம் பேசப் பழகவேண்டும். ஜெயவேலுவே அதிகாரி வேஷம் கட்டுவார். மூக்கு நுனியில் கண்ணாடி. "ரூல்ஸ்ல இடமில்லம்மா." "ஃபண்டு எங்கப்பா இருக்கு?" பிறகு வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பாடம் சொல்வார்.

"ஆபீசரும் கஸ்டமர்தான். இன்னா வேணுமோ கேளு. கேட்டுட்டு வாயை மூடு. அப்பால மொதல்ல வாயைத் தொறக்கிறவன் தோத்தான். பேரம் படிஞ்சுதா, மறுபடி மூடு. படிஞ்ச பின்னாடி பேசினா படிஞ்சதும் பூடும்."

குருவுக்கே அந்த வித்தை கைகூடவில்லை. போன வருஷம் கல்வி அதிகாரி சாம்பசிவன் அறையில் எல்லாரும் போய்க் கேட்டார்கள். அதிகாரி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். விசிறி சுற்றியது. அரை நிமிஷம் போயிருக்காது, ஜெயவேலுவுக்கு நாக்கு அரித்துவிட்டது. "பரவால்ல சார், அவசரமில்ல, அடுத்த வருசம்கூடப் பாத்துக்கலாம்." அதிகாரி எழுந்து சந்தோஷமாகக் கை கொடுத்தார். அந்த வருஷம் பதினொரு பெண்கள் வீட்டோடு நின்றார்கள். கங்கையம்மாள் ஒரு மாதம் ஜெயவேலு இலையில் சட்னி ஊற்றவில்லை.

அந்த அடுத்த வருஷம்தான் இது. பள்ளியை உயர்த்தும் பரிந்துரையில் இன்று கையெழுத்தாகி, மாலைக்குள் மேலிடம் போய்ச் சேரவேண்டும். பதினொரு மணிக்கு அதிகாரி வரச்சொல்லியிருந்தார்.

"மணி பத்தரை ஆவுதுக்கா," என்றான் அசரியா மெல்ல. "அண்ணனை இப்டிப் போட்டுட்டு எப்டிப் போறது?"

கங்கையம்மாள் ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

அப்போதுதான் தெருவுக்குள் ஜீப் நுழைந்தது. தலைமையாசிரியர் தசரதன் போனில் சொல்லியிருந்தார் போலும். சாம்பசிவன் ரோஜா மாலையோடு இறங்கினார். அவர் முகத்தில் துக்கம் நிஜமாகவே இருந்தது. பக்கத்திலேயே, தப்பித்தோம் என்கிற நிம்மதியும் இருந்தது. கடைக்காரர் மகளுக்கு அது தெரியாமல் போகுமா?

மாலையைச் சார்த்திவிட்டு அவர் சொன்னார்: "நல்ல மனுஷர். இன்னைக்கு வேலையைப் பத்தி யாரும் கவலைப்படாதீங்கம்மா. அடுத்த வருஷம் நிதானமா பாத்துக்கலாம்."

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே விலை சொல்கிறவன் உள்ளுக்குள் பயந்திருக்கிறான் என்பார் அப்பா.

சாமுண்டீஸ்வரி மனு எழுதுகிறவள், பேசுகிறவள் அல்ல. பயிற்சியில் அவள் முறை வரும்போதெல்லாம் தரையைப் பார்ப்பாள். "நீ எழுதினாப் போதும்மா" என்று அப்பா அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். இப்போது உள்ளே போய், பீரோ மேலிருந்த மஞ்சள் ஃபைலோடு திரும்பி வந்தாள்.

"சார், இதுல உங்க கையெழுத்து வேணும். இன்னைக்கே."

வாயை மூடிக்கொண்டாள்.

கங்கையம்மாளின் ஒப்பாரி பாதி அடியில் நின்றது. வாசலில் ரத்தினத்தின் குச்சி மேளத்தின் மேல் படுத்துக்கொண்டது. பதிமூன்று வாயும் மூடியதைக் கண்டு, பயிற்சிக்கே வராத பெண்கள்கூடப் பயந்துபோய் அழுகையை நிறுத்தினார்கள். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு மின்சார ரயில் கூவிவிட்டுப் போனது. சாம்பசிவன் நிமிர்ந்து மேலே பார்த்தார். பந்தலில் ஏது விசிறி? குனிந்தார். கீழே ஜெயவேலு. அவரும் பேசவில்லை.

"சீல் ஆபீஸ்ல இருக்கும்மா..."

ஒருவரும் மூச்சுவிடவில்லை. அசரியாவின் உதடு துடித்தது. கங்கையம்மாள் அவன் தொடையில் கிள்ளினாள்.

"...இல்ல, ஜீப்புலதான் இருக்குன்னு நெனைக்கிறேன்."

ஜெயவேலுவின் கால்மாட்டில், பெஞ்சு ஓரத்தில் ஃபைலை வைத்து, சரிந்து கிடந்த மாலையை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். டிரைவர் கொண்டுவந்த சீலை அழுத்தினார். பந்தலோரம் நின்றிருந்த தசரதன் ஃபைலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு அசரியாவின் சைக்கிளில் பறந்தார்.

சாவு வீட்டில் கை தட்ட முடியாது. ரத்தினம் மேளத்தை எடுத்து, சாவுக்கு அடிப்பதைவிடச் சற்று வேகமாகவே அடித்தான்.

ஜீப்பில் ஏறப்போன சாம்பசிவன், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். பந்தலில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

தாடைத் துணி மறுபடி தளர்ந்து, ஜெயவேலுவின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. முடிச்சுப் போட நேரமில்லை. சாமுண்டீஸ்வரி குனிந்து அப்பாவின் தாடையை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தள்ளி மூடினாள். ஜீப் தெருமுனை திரும்பும்வரை கையை எடுக்கவில்லை.